ஆறு கோடுகளும் பதினைந்து நொடிகளும்

2024-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், சில வார இடைவெளியில், இரண்டு கிடார் இதழ்கள் அச்சை நிறுத்தின. ஒன்று, 1994-லிருந்து பிரிட்டனில் வந்துகொண்டிருந்த 'டோட்டல் கிடார்'. மற்றது, அமெரிக்காவின் 'கிடார் பிளேயர்'. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பட் ஈஸ்ட்மன் 1967-ல் தொடங்கிய இதழ் அது. 57 ஆண்டுகள் ஓடியிருக்கிறது. பெயர் இணையத்தில் தொடர்கிறது என்றாலும், மாதாமாதம் கையில் எடுத்துப் புரட்டும் பொருளாக அது இனி இல்லை.

கிடார் வாசிப்பவர்கள் குறைந்ததால் இப்படி ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். 2017-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அமெரிக்காவில் எலெக்ட்ரிக் கிடார் விற்பனை பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது, இந்தக் கருவி மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது என்றது அது. அடுத்த ஆண்டு மே மாதம் கிப்சன் நிறுவனம் திவால் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு கேட்டபோது, 'பார்த்தீர்களா' என்றார்கள் பலர். உண்மையில் கிப்சனைக் கவிழ்த்தது கிடார் அல்ல. வீட்டு ஆடியோ சாதனத் தொழிலை வாங்கிச் சேர்த்ததால் ஏறிய கடன். பிறகு 2020 வந்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் கிடார் வாங்கினார்கள். ஃபெண்டர் நிறுவனம் தன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆண்டாக அதை அறிவித்தது. ஆகவே கருவி பிழைத்துக்கொண்டது. அதைப் பற்றி எழுதிய இதழ்கள்தான் போயின. இந்த முரணைப் புரிந்துகொள்ள, அந்த இதழ்கள் என்ன வேலை செய்தன என்று பார்க்க வேண்டும்.

இதழ் என்றால் நட்சத்திரங்களின் பேட்டியும் படமும் என்று நினைக்கிறோம். கிடார் இதழை வாங்கியவர்கள் பெரும்பாலும் அதற்காக வாங்கவில்லை. நடுப்பக்கங்களில் இருந்த ஆறு கோடுகளுக்காக வாங்கினார்கள். அதற்குப் பெயர் டாப். ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி; கோட்டின் மேல் உள்ள எண், எந்தக் கட்டத்தில் விரலை வைக்க வேண்டும் என்று சொல்லும். இது ராக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1507-லேயே வெனிஸில் பெட்ருச்சி என்ற அச்சகக்காரர் லூட் என்ற பழைய தந்திக் கருவிக்கான பாடல்களை இந்த முறையில் அச்சிட்டிருக்கிறார். ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் அதற்கு மறுபிறவி கொடுத்தவை கிடார் இதழ்கள்தான். 1980-களின் தொடக்கத்தில் வந்த 'கிடார் ஃபார் தி பிராக்டிஸிங் மியூசிஷியன்' ஒரு பாடலை முழுவதுமாக, கிடார் முன்னே வந்து தனித்து வாசிக்கும் சோலோவையும் சேர்த்து, குறிப்பெடுத்து அச்சிடுவதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1980-ல் தொடங்கிய 'கிடார் வேர்ல்டு' போன்றவையும் அதே வழியில் போயின.

டாப் ஏன் தேவைப்பட்டது? பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். கிடாரில் அப்படி இல்லை. மெல்லிய முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் அதே ஸ்வரம், இரண்டாம் கம்பியின் 5-ஆம் கட்டத்தில் இருக்கிறது, மூன்றாம் கம்பியின் 9-இல் இருக்கிறது, நான்காவதன் 14-இல், ஐந்தாவதன் 19-இல். ஸ்வரம் ஒன்று, வீடு ஐந்து. ஒவ்வொரு வீட்டிலும் அதன் குரல் வேறு: முதல் கம்பியில் கண்ணாடி போல, நான்காவதில் தொண்டை அடைத்தது போல. மேற்கத்திய ஐந்து கோட்டு முறை ஸ்வரத்தைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. டாப் வீட்டைச் சொல்லும். ஆனால் எவ்வளவு நேரம் அங்கே தங்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லாது. அதனால் டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பாட்டு கற்க முடியாது. பதிவைப் போட்டுக் கேட்டாக வேண்டும். கண் தாளில், காது ஸ்பீக்கரில், விரல் கம்பியில் என்று மூன்றும் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது உடனே பிடிபடும். கீர்த்தனைப் புத்தகத்தில் ஸ்வரம் அச்சாகியிருக்கும். அதை அப்படியே படித்தால் பாட்டு வராது. கமகம் குருவின் குரலில் இருக்கிறது. 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் நூல் கமகங்களுக்கும் தனித்தனிக் குறியீடுகள் போட்டது. கிடார் இதழ்களும் அதே சிக்கலைச் சந்தித்து, கம்பியை இழுத்து ஏற்றும் பெண்டுக்கு ஒரு வளைந்த அம்பு, வழுக்கலுக்கு ஒரு சாய்கோடு, அசைவுக்கு ஒரு நெளிகோடு என்று கண்டுபிடித்துக்கொண்டன. இரண்டு இடத்திலும் குறியீடு நினைவூட்டும் வேலையைத்தான் செய்தது. கற்பிக்கும் வேலையைக் காது செய்தது.

அந்தக் குறிப்புகளை எடுத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்களை யாரும் நினைப்பதில்லை. கிடார் கலைஞர் ஸ்டீவ் வை இன்று பெரும் பெயர். அவர் தொழிலுக்குள் நுழைந்தது, அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் ஸாப்பாவின் சிக்கலான இசையைக் காதால் கேட்டு எழுதிக்கொடுக்கும் ஆளாகத்தான். வேகமான சோலோவை எழுத அக்காலத்தில் ஒரு வழி இருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் இசைத்தட்டை 16⅔-இல் ஓட்டுவது. வேகம் சரிபாதி ஆகும். சுருதி துல்லியமாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஸ்வரங்களின் பெயர் மாறாது என்பதால் எழுதலாம். ஆனால் கிடாரின் குரல் உறுமலாகிவிடும். எந்தக் கம்பியில் வாசித்தார் என்பதை அந்த உறுமலிலிருந்து ஊகிக்க வேண்டும். விரல்களை யாரும் பார்க்கவில்லை. ஆகவே இதழ்களில் அச்சான டாப்களில் ஸ்வரம் பெரும்பாலும் சரியாகவும், இடம் அடிக்கடி தவறாகவும் இருந்தது. அந்தத் தவறுகளை ஒரு தலைமுறையே விரலில் ஏற்றிக்கொண்டது.

எங்கள் கூட்டத்துக்கு அந்தத் தாள்கள் வந்த வழி இன்னும் சுற்றுவழி. 90-களில் சென்னையில் புது இதழ் வாங்கக் கையில் காசு கிடையாது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் எப்போதாவது ஒன்று சிக்கும், இரண்டு மூன்று வருடம் பழையது. சிக்கியவன் வீட்டில் இதழ் இருக்கும். மற்றவர்களிடம் ஜெராக்ஸ் இருக்கும். என்னிடம் இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதில் ஒரு பக்கத்தின் வலது விளிம்பு வெட்டுப்பட்டு, சோலோவின் உச்சத்தில் சரியாக இரண்டு தாளக்கட்டு காணாமல் போயிருந்தது. கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி, நாங்களே எண்களைப் பேனாவால் எழுதி நிரப்பினோம். அதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் கற்றது மீதி அத்தனை பக்கங்களிலும் கற்றதைவிட அதிகம் என்று இப்போதும் நம்புகிறேன்.

கற்றுக்கொடுத்தது ஒரு வேலை என்றால், ஆட்களைக் கண்டுபிடித்தது இன்னொன்று. 1978 ஜூலையில், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் நடந்த திறந்தவெளி நிகழ்ச்சிக்கு 'கிடார் பிளேயர்' இதழின் இளம் எழுத்தாளர் யாஸ் ஓப்ரெக்ட் போனார். பேட்டி கொடுப்பதாக இருந்த கலைஞர் கைவிரித்துவிட்டார். மேடைக்குப் பின்னால் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனோடு ஓப்ரெக்டும் சேர்ந்து ஆடினார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பையன், பின்னாளில் ராக் கிடாரின் பெரும் பெயரான எடி வான் ஹேலன். நாடறிந்த இதழுக்கு எடி கொடுத்த முதல் நீண்ட பேட்டி அப்படித்தான் வாய்த்தது. வலது கை விரலாலும் கம்பியைக் கட்டத்தில் தட்டி வாசிக்கும் டாப்பிங் உத்தியை வேறு யாரும் காப்பியடிக்காதிருக்க, கிளப்களில் வாசித்த காலத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர் அவர். உத்தி ஒரு ரகசியமாக இருக்க முடிந்த காலம் அது. ரகசியம் இருக்கும்வரை, அதை விளக்கும் இதழுக்கு மதிப்பும் இருக்கும்.

அதே இதழில் மைக் வார்னி என்பவர் 'ஸ்பாட்லைட்' என்று ஒரு பத்தி எழுதிவந்தார். ஊர் பேர் தெரியாதவர்கள் தாங்கள் வாசித்த கேசட்டை அவருக்கு அனுப்பலாம், பிடித்திருந்தால் எழுதுவார். ஸ்வீடனிலிருந்து ஒரு பத்தொன்பது வயதுப் பையன் அனுப்பினான். 1983 தொடக்கத்தில் அவனைப் பற்றி இதழில் வந்தது; சில வாரத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு விமானம் ஏறிவிட்டான். யிங்வி மால்ம்ஸ்டீன் உலகுக்கு வந்தது அந்தச் சிறு பத்தி வழியாக. பாக் போன்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் காலத்து இசையின் வேகத்தை ராக் கிடாருக்குக் கொண்டுவந்த ஒரு பாணியே அவரைச் சுற்றி எழுந்தது. வார்னி அதற்கு முன்பே, 1980-ல், ஷ்ராப்னல் என்ற இசைப்பதிவு நிறுவனத்தையும் தொடங்கியிருந்தார். கண்டுபிடிப்பதும் வெளியிடுவதும் ஒரே மனிதரின் காதைச் சார்ந்திருந்தன. அந்தக் காதுக்கு வேகம் பிடித்திருந்தது. ஆகவே 80-களின் கிடார் வேகமாக ஓடியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வாயில்காப்போனின் ரசனை ஒரு கருவியின் திசையையே எந்த அளவுக்குத் திருப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

விளம்பரம்தான் இதழின் சோறு. கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், பெடல், கம்பி, பிக்-அப் என்று பக்கம் பக்கமாக வரும். இதழைக் கையில் எடுப்பவர் ஒவ்வொருவரும் கருவி வாங்கக்கூடியவர் என்பதால் அந்தப் பக்கங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: அந்த விளம்பரங்கள் யாரை வாசகராக நினைத்தன என்பது. ஆண்டுக்கொரு முறை வரும் கருவிக் கையேடுகளின் அட்டையில் நீச்சலுடைப் பெண்கள் கிடாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிடித்திருப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். 2012-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஃபாபி ரேனா என்ற கிடார் கலைஞர், பெண் கிடார், பேஸ் கலைஞர்களுக்கென்றே 'ஷீ ஷ்ரெட்ஸ்' இதழைத் தொடங்கியபோது, அந்த அட்டைகளுக்கான பதிலாகவே அதைப் பலரும் படித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 2018-ல், ஃபெண்டர் நடத்திய ஆய்வு புதிதாகக் கிடார் தொடங்குபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்றது. பழைய இதழ்கள் பார்க்க மறந்த பாதி வாடிக்கையாளர்கள் இவர்கள்.

இணையம் இதழை ஒரே அடியில் வீழ்த்தவில்லை. அதன் வேலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டது. முதலில் போனது டாப். 1992-லேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஆட்கள் தாங்களாகவே எழுதி இணையத்தில் பகிர்ந்த டாப்களைத் திரட்டி 'ஓல்கா' என்ற காப்பகத்தை அமைத்தார். கோடுகளுக்குப் பதில் தட்டச்சுச் சிறுகோடுகள், அவற்றுக்கிடையே எண்கள். பாடல் உரிமையாளர்கள் 1996-லிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். 2006-ல் அது ஒரேயடியாக மூடப்பட்டது. அதற்குள் ரஷ்யாவின் கலினின்கிராட் நகரில் 1998-ல் பிறந்த 'அல்டிமேட் கிடார்' தளம் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. 2010-ல் அது உரிமத் தொகை கொடுத்துச் சட்டப்படி நடக்க ஒப்பந்தம் போட்டது. ஒரு மாதத்துக்கு நான்கைந்து பாட்டு கொடுத்த இதழ் எங்கே, எந்தப் பாட்டானாலும் தேடிய நொடியில் தரும் தளம் எங்கே.

ஆனால் கைமாறியபோது ஒன்று நழுவியது. இதழில் தவறான டாப் வந்தால் அதற்கு ஒரு பெயர் பொறுப்பு. அடுத்த மாதம் வாசகர் கடிதம் வரும். தளத்தில் ஒரே பாட்டுக்குப் பத்துப் பேர் எழுதிய பத்து வடிவங்கள் இருக்கும், நட்சத்திர மதிப்பெண்ணோடு. எது சரி என்று பெரும்பான்மை சொல்லும். பெரும்பான்மைக்குக் காது இருக்கிறதா என்பதை யாரும் சோதிப்பதில்லை.

அடுத்து வந்தது காணொளி. 2005 டிசம்பரில் யூடியூபில் ஒரு படம் ஏறியது. ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால், தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, படுக்கையறையில் ஒரு பையன் பாகெல்பெல்லின் புகழ்பெற்ற 'கேனன்' இசையை ராக் பாணியில் வாசிக்கிறான். அந்த வடிவத்தை அமைத்தவர் தைவானைச் சேர்ந்த ஜெர்ரி சி. வாசித்தது யார் என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. 2006-ல் 'நியூயார்க் டைம்ஸ்' தேடிக் கண்டுபிடித்தபோது, தென்கொரியாவின் லிம் ஜோங்-ஹியூன் என்று தெரிந்தது. எந்த இதழும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, எந்த வார்னியும் கேசட் கேட்கவில்லை. கோடிக்கணக்கானோர் அவர் விரல்களை நேராகப் பார்த்தார்கள். எந்தக் கம்பி, எந்தக் கட்டம் என்ற ஊகத்துக்கு அன்றோடு வேலை போய்விட்டது. வான் ஹேலன் முதுகைக் காட்டி மறைத்ததை இனி யாராலும் மறைக்க முடியாது.

இதுவரை சொன்னது எல்லோரும் அறிந்த கதை: புதியது வந்தது, பழையது போனது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கற்கும் வழி மாறியபோது வாசிப்பே மாறிவிட்டது. 2013 ஜூனில் இன்ஸ்டாகிராம் காணொளிக்கு இடம் கொடுத்தபோது விதித்த எல்லை 15 நொடி; 2016-ல்தான் அது 60 நொடி ஆனது. 15 நொடியில் ஒரு சோலோவைத் தொடங்கி, வளர்த்து, உச்சம் கொண்டுபோய் முடிக்க முடியாது. போன் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவரின் கட்டைவிரலை முதல் நொடியிலேயே நிறுத்த வேண்டும். அந்த அளவுக்குள் பிறந்த வாசிப்பு ஒரு தனி இனம். பிரேசிலின் மாத்தேயுஸ் அசாட்டோ, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டும் மெட்டும் ஒன்றாக இழைந்த சின்னச் சின்னத் துண்டுகளாக வாசித்தார். ஜப்பானின் இச்சிக்கா நிட்டோ இரண்டு கைகளாலும் தட்டி, கிடாரைப் பியானோவுக்கும் வீணைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக ஒலிக்கச் செய்தார். அவர்களுக்குப் பக்கவாத்தியம் தேவையில்லை. ஒரு கிடார், ஓர் அறை, ஒரு போன் போதும்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் அடித்தளச் சுருதி கேட்காது. கரகரப்பான பெரிய ஒலி அதில் இரைச்சலாகிவிடும். தெளிவான, மணி உதிர்வது போன்ற ஒலிதான் கேட்கும். புதிய தலைமுறை கிளீன் ஒலிக்குத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இன்னொரு காரணம் ஆம்ப். வால்வு ஆம்ப் அதன் முழுக் குரலைத் தர, தெருவே கேட்கும்படி ஒலியைக் கூட்ட வேண்டும். 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' என்ற சிவப்புப் பெட்டி, அந்த ஒலியைக் கணக்கீட்டால் போலச்செய்து ஹெட்போனுக்குள் கொடுத்தது. பிறகு ஆக்ஸ்-எஃபெக்ஸ், கெம்பர், ஹெல்சிங்கியிலிருந்து நியூரல் டிஎஸ்பி என்று ஒவ்வொன்றும் போலியை அசலுக்கு நெருங்க வைத்தன. இப்போது ஒரு வீட்டின் பின்னறையில், குழந்தை தூங்கும்போது, ஸ்டூடியோ ஒலியில் வாசிக்கலாம். ஆனால் ஹெட்போன் இரக்கமற்றது: விரல் உரசும் சத்தம், தேவையற்ற கம்பியின் அதிர்வு எல்லாம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இன்று பலர் கிடார் கழுத்தின் மேல்முனையில் தலைமுடிக்குப் போடும் ரப்பரையோ துணிப்பட்டையையோ சுற்றிக் கட்டுகிறார்கள். சுத்தம் ஓர் அழகியலாகவே ஆகிவிட்டது.

இந்தப் போக்கின் உச்சத்தில் டெக்சாஸின் பாலிஃபியா குழு இருக்கிறது. 2022-ல் அவர்கள் வெளியிட்ட 'பிளேயிங் காட்' பாடலில் குழுவின் கிடார் கலைஞர் டிம் ஹென்சன் எடுத்துக்கொண்டது எலெக்ட்ரிக் கிடாரை அல்ல, நைலான் கம்பிக் கிடாரை. கீழே ஹிப்-ஹாப்பின் தாளம், மேலே ஸ்பானிய வாடை, ஒவ்வொரு ஸ்வரமும் கத்தியால் நறுக்கியது போல. கணினியில் ஒலியை வெட்டி ஒட்டும் தயாரிப்பாளர்களின் சிந்தனை இங்கே விரலுக்கு வந்திருக்கிறது. அவர் ஒரு பேட்டியில், கம்பியை இழுத்து ஏற்றும் பழைய பாணிப் பெண்டை முந்தைய தலைமுறையின் சொத்து என்ற பொருளில் பேசியது பெரிய சண்டையைக் கிளப்பியது.

அந்தச் சண்டையில் நான் பெரியவர்கள் பக்கம்தான், ஆனால் வயது காரணமாக அல்ல. கட்டங்கள் கிடாரின் சுருதியைப் படிக்கட்டு போலத் துண்டாக்கி வைத்திருக்கின்றன. அந்தப் படிகளுக்கு இடையில் இறங்கி ஏற கைவசமுள்ள முக்கியமான வழி கம்பியை இழுப்பது. ப்ளூஸ் கலைஞர் பிபி கிங் ஒரே ஸ்வரத்தை இழுத்து, அங்கேயே நின்று, மெல்ல நடுங்கவிட்டது அதற்காகத்தான். நம் பிரசன்னா கர்நாடக ராகங்களைக் கிடாரில் கொண்டுவந்ததும் கட்டங்களுக்கு இடையில் இருக்கும் அந்த வெளியை நம்பித்தான். பெண்டுக்கு நேரம் வேண்டும். ஸ்வரம் புறப்பட்டு, போய்ச் சேரத் தாமதித்து, கேட்பவரைக் காக்க வைக்க வேண்டும். 15 நொடியில் காக்க வைக்க முடியாது. ஆகவே புதிய கைகள் பெண்டை விட்டது வெறும் ரசனை மாற்றம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வாசித்த மேடையின் அளவு அது. மேடை பெரிதானபோது, முழு நீளப் பாடல்களும் அரங்குகளும் வாய்த்தபோது, அவர்களில் சிலரே பெண்டுக்குத் திரும்புவதையும் கேட்கிறேன்.

அச்சு முழுதாக ஒழிந்துவிடவில்லை. 'கிடார் வேர்ல்டு' இன்னும் அச்சில் வருகிறது. ஜப்பானில் 1969-ல் தொடங்கிய 'யங் கிடார்' தொடர்கிறது. 2005-ல் சியாட்டிலில் தொடங்கிய 'ஃப்ரெட்போர்டு ஜர்னல்' வேறொரு வழியைக் காட்டியது: டாப் இல்லை, அவசரம் இல்லை, நல்ல தாள், கருவி செய்பவர்களோடு பல பக்கம் நீளும் உரையாடல், சந்தா கட்டிக் காத்திருக்கும் வாசகர்கள். கற்பிப்பதையும் கண்டுபிடிப்பதையும் இணையத்திடம் விட்டுவிட்டு, பேச்சை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்ட இதழ் அது. ஓப்ரெக்ட் எடியோடு உட்கார்ந்து பேசியது போன்ற பேச்சு. 60 நொடியில் அடங்காதது அது ஒன்றுதான்.

என் ஜெராக்ஸ் இன்னும் ஒரு பழைய ஃபைலில் இருக்கிறது. சில வருடம் முன்பு அந்தப் பாட்டை அதை வாசித்தவரே மேடையில் வாசிக்கும் படம் இணையத்தில் கிடைத்தது. வெட்டுப்பட்ட அந்த இரண்டு தாளக்கட்டில் அவர் கை மூன்றாம் கம்பியில் மேலே போகிறது. நாங்கள் பேனாவால் எழுதிய எண்கள் இரண்டாம் கம்பியில் கீழே இருக்கின்றன. ஸ்வரம் ஒன்றுதான், இடம் தவறு. சரியான இடத்தில் பழகிப் பார்த்தேன், குரல் இன்னும் அழகாகத்தான் வருகிறது. ஆனால் யோசிக்காமல் வாசிக்கும்போது விரல் இன்றும் பேனா எழுதிய கட்டத்துக்கே போகிறது.